பச்சை உடை ஞாயிறுகள்

கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் குருவானவர் அணிந்திருக்கும் உடையின் நிறத்தைப் பார்த்தால் போதும், அது என்ன காலம் என்று சொல்லிவிடலாம். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை. அவற்றுக்கு முன்வரும் ஆயத்த நாள்களில் ஊதா. புனித வெள்ளியன்று சிவப்பு. மற்ற நாள்களில் பெரும்பாலும் பச்சை.

இந்தப் 'மற்ற நாள்கள்' கொஞ்சநஞ்சமல்ல. ஆண்டின் 52 வாரங்களில் 33 அல்லது 34 வாரங்கள் பச்சைதான். அதற்குப் பொதுக்காலம் என்று பெயர். குடில் கிடையாது, குருத்தோலை கிடையாது, புத்தாடையும் கிடையாது. வாரம் தவறாமல் போவோம், மண்டியிடுவோம், திரும்பி வந்து மீன் குழம்பு வைப்போம். அவ்வளவுதான்.

வானொலி நிலையத்தில் நான் கிறிஸ்தவப் பெண் என்பது சக பணியாளர்களுக்கு நினைவுக்கு வருவது டிசம்பரில்தான். "கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சி உன் பொறுப்பு" என்பார்கள். அடுத்து புனித வெள்ளிக்கு ஒருமுறை நினைத்துக்கொள்வார்கள். ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றுக்குச் சிறப்பு நிகழ்ச்சி தயாரிக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் சொல்வதற்கு எதுவும் இருந்திருக்காது. இப்போது இருக்கிறது.

சொற்கள் போன வீடு

என் அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்தவர். நல்ல குரல். ஓஃபிர் சாலையில் இருக்கும் லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலியின்போது வாசகம் படிப்பார். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பப்பட்டு 1888ல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் அது. அவர் படிக்கும்போது கடைசி இருக்கையில் இருக்கும் பாட்டிக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். ஊடகக் கல்வி பட்டம் பிறகு வந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதை நான் முதலில் கற்றது அந்த வாசக மேடையின் கீழே உட்கார்ந்துதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம். கையும் காலும் மெதுவாகத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும், பதிலும் மனத்தில் இருக்கும். அதற்கான சொல் மட்டும் அகப்படாது. 'தண்ணீர்' என்று சொல்ல முயன்று, முடியாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு மௌனம் என்றால் பயம். சில வினாடி சத்தம் நின்றாலே கட்டுப்பாட்டு அறையில் தலைகள் நிமிரும். நாள் முழுவதும் அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே மௌனம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பெரிய அற்புதம் ஒன்று வேண்டும் என்று நான் வேண்டினேன். ஒரு நாள் காலையில் அப்பா எழுந்து மடமடவென்று பேச வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

53 மணி

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குச் செபமாலை. விருந்தாளி வந்தாலும் சரி, தொலைக்காட்சியில் உலகக் கிண்ணக் காற்பந்து ஓடினாலும் சரி. அப்பா மருத்துவமனையிலிருந்து வந்த பிறகும் அம்மா அதை நிறுத்தவில்லை. இரண்டு பேர் பங்கையும் தாமே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். அம்மா மங்கள வார்த்தை மந்திரத்தின் முதல் பாதியை முடித்தார். மறுபாதியை அப்பா சொன்னார். தடங்கலில்லாமல், 'ஆமென்' வரைக்கும். அம்மா கையிலிருந்த மணி நழுவியது. ஆனால் அவர் நிறுத்தவில்லை; நிறுத்தினால் அதுவும் போய்விடுமோ என்ற பயம். 53 மணியும் அப்படியே போயின. முடிந்ததும் அப்பா தண்ணீர்க் குவளையைக் கையால் காட்டினார். அந்தச் சொல் அப்போதும் வரவில்லை.

பேச்சுச் சிகிச்சையாளரிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. யோசித்து உருவாக்கும் வாக்கியத்துக்கு மூளை ஒரு வழியில் வேலை செய்கிறது. பல்லாண்டுகள் சொல்லிச் சொல்லிப் பழகியவை வேறு வழியில் வருகின்றன. எண்கள், கிழமைகளின் பெயர்கள், பழைய பாட்டு, பிரார்த்தனை எல்லாம் இந்த இரண்டாம் வகை. பக்கவாதத்தில் பேச்சிழந்த பலருக்கு இந்த வழி ஓரளவு திறந்தே இருக்கும் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில், எம்ஆர்டி ரயிலில் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 53 முறை என்றால் ஓர் ஆண்டுக்கு 19,345. நாற்பது ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேல். அதில் எத்தனை முறை அப்பா உருகிச் சொல்லியிருப்பார்? பாதி நாள் களைப்பு. சில நாள் தூக்கக் கலக்கம். சிறு பிள்ளையாக இருந்தபோது அவர் கொட்டாவி விட்டதை நானே எண்ணியிருக்கிறேன். ஆனால் அந்தக் கொட்டாவி நாள்களும் சேர்ந்துதான் அந்தத் தடத்தைப் போட்டிருக்கின்றன.

இன்னொரு தடம்

சில மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்ப மணி பதினொன்றரை. வாசல் கேட்டின் பூட்டைத் திறந்தேன். உள்ளே இருட்டில் நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

"சாப்பிட்டியாம்மா?"

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து, பூட்டுச் சத்தம் கேட்டால் அப்பா கேட்கும் கேள்வி அது. முன்பெல்லாம் "ம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். அன்று பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டேன், எங்கே சாப்பிட்டேன், சாம்பாரில் உப்பு எவ்வளவு என்பதுவரை விளக்கமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அது முழுக்க நினைத்துச் சொன்னதா, பழக்கத்தில் வந்ததா என்று யாராவது கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஆயிரக்கணக்கான இரவுகள் என்மேல் அக்கறை வைத்துக் கேட்டதால்தான் அது பழக்கமானது.

இப்போது புளோக்கின் கீழே இருக்கும் காப்பிக்கடையிலும் அப்பா அதையே கேட்கிறார். கோப்பி கலக்கும் சீனப் பெரியவருக்கு முதல் நாள் புரியவில்லை. "சுடா மாக்கான்" என்று அம்மா மலாயில் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஹொக்கியன் மக்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதும் அதே கேள்வியால்தானே! மறுநாளிலிருந்து அப்பா "சாப்பிட்டியா" என்பார். அவர் "ஜியாக் பா லியாவ்" என்பார், 'சாப்பிட்டாச்சு' என்று. அப்பா வாய் திறந்து கேட்காமலேயே சீனி போடாத கோப்பி ஓ மேசைக்கு வந்துவிடும். அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்துக்கு வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. இறைவன் இங்கே இருக்கிறார் என்று மட்டும் தோன்றும்.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்தது. இயேசு சாவை வென்று எழுந்துவிட்டார். இனி வானம் பிளக்க வேண்டும், எக்காளம் முழங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். அவரோ அதிகாலையில் ஏரிக்கரையில் கரி நெருப்பு மூட்டி மீன் சுடுகிறார். இரவெல்லாம் வலை வீசிக் களைத்துப்போன சீடர்களிடம், சாப்பிட ஏதேனும் கிடைத்ததா என்று கேட்கிறார். பிறகு, வந்து பசியாறுங்கள் என்று அழைக்கிறார். எங்கள் வீட்டு இருட்டில் கேட்ட கேள்விக்கும் அந்தக் கரையில் கேட்ட கேள்விக்கும் பெரிய தூரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் பேச்சு முழுதாகத் திரும்புமா? மருத்துவர்கள் உறுதி சொல்லவில்லை. இன்னும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அது நடக்கும்வரை மகிழ்ச்சியைத் தள்ளிவைக்கவில்லை.

உங்கள் வீட்டில் அது செபமாலையாக இல்லாமல் இருக்கலாம். மாலையில் விளக்கேற்றி அம்மா முணுமுணுக்கும் திருவாசகமாக இருக்கலாம். தாத்தா விடியலில் ஓதும் துவாவாக இருக்கலாம். "பார்த்துப் போ", "வந்ததும் ஃபோன் பண்ணு" என்ற வழக்கமான வார்த்தைகளாகவும் இருக்கலாம். தினமும் கேட்பதால் காதில் விழாமல் போகும் சொற்கள். வேலை, கூட்டம், காலக்கெடு என்று ஓடும் நம் தலைமுறைக்கு அவற்றுக்குப் பதில் சொல்ல அரை நிமிடம்தான் ஆகும்.

இன்றிரவு உங்களை யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டால், "ம்" என்று முடித்துவிடாதீர்கள். என்ன குழம்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.