குருவின்னு ஒரு பெட்டி

புள்ளைக்குப் பேர் வைக்க ஊரையே கூட்டுறோம். லினக்ஸ் பெட்டிக்கு மட்டும் இன்ஸ்டாலர் காட்டுற பேரையே விட்டுடறோம். என்ன நியாயமுங்க இது? :-)

1990லயே டான் லிப்ஸ் இதுக்குன்னு ஆர்எஃப்சி 1178 எழுதிட்டார். உங்க சொந்தப் பேரை வைக்காதீங்க, ஒரே வகையா பேர் வைங்கன்னு அதுல சொல்றார். எங்க வீட்ல பறவைங்க. டெபியன் பெட்டி குருவி, லேப்டாப் மைனா.

பேர் இருக்கிறது /எட்சி/ஹோஸ்ட்நேம் கோப்புல. மாத்தினா /எட்சி/ஹோஸ்ட்ஸ்ல 127.0.1.1 வரியையும் மாத்திடுங்க. இல்லேன்னா சுடோ ஒவ்வொரு தடவையும் 'இந்தப் பேர் யாருன்னு தெரியல'ன்னு முணுமுணுக்கும். வேலை என்னவோ நடந்துடும், தொணதொணப்புதான் தாங்காது.

எனக்கு உறுத்தினது வேற. இந்தப் பேர்ல ஆங்கில எழுத்து, எண், சின்னக் கோடு, அவ்வளவுதான். தமிழ் கிடையாது. அம்மாவுக்கோ தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

ஆனா ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையில 'ப்ரெட்டி'ன்னு இன்னொரு பேர் இருக்குங்க. அதுல யூனிகோட் எல்லாம் செல்லும். /எட்சி/மெஷின்-இன்ஃபோல போய் உட்காரும். நெட்வொர்க் அதைக் கண்டுக்காது, ஆனா புளூடூத் அந்தப் பேரைத்தான் வெளிய சொல்லும்.

வச்சேன். கொஞ்ச நேரத்துல அம்மா போனோட வந்தாங்க.

"ஏன்டா, இதுல குருவின்னு போட்டிருக்கே, நம்ம பெட்டியா?"