கழி ஊன்றும் கைகள்

திருப்பதி என்றால் மலையும் லட்டும் நினைவுக்கு வரும். அந்த மாவட்டத்துக்கு ஒரு பெரிய ஏரியும் படகோட்டிகளும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது சூலூர்பேட்டையும் தடாவும் நெல்லூரிலிருந்து திருப்பதிக்கு வந்தன. அவற்றோடு பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியில் பெரும் பங்கும் வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து நண்பர்கள் சிலரோடு ரயிலில் தடா போய், அங்கிருந்து ஆட்டோவில் பீமுனிவாரிபாளையம் படகுத்துறைக்குச் சென்றேன். இரக்கம் தீவுக்குப் போவதுதான் திட்டம். கழி ஊன்றிப் படகு தள்ளும் தொழில் இன்னும் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது.

இரக்கம் தீவில் பேச்சு தமிழ்தான். அரிசி, சிலிண்டர், மருந்து எல்லாம் படகில்தான் போகின்றன. ஆளேற்றிப் போகும் படகுகளில் இப்போது மோட்டார் வந்துவிட்டது. நாங்கள் தேடியது மோட்டார் இல்லாத படகை. தயங்கித்தான் ஒரு பெரியவர் சம்மதித்தார். "காத்து திரும்பிச்சுன்னா நேரமாகும் சார், பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டே கழியை எடுத்தார்.

ஏரி மிகப் பெரியது, ஆனால் ஆழம் கிடையாது. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். துடுப்பைவிட மூங்கில் கழிக்கே இங்கு வேலை அதிகம். பெரியவர் அணியத்தில் நின்று கழியைச் சேற்றில் ஊன்றினார். அதன் மேல்முனையைத் தோளோடு அணைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் சாய்த்தபடி, படகின் விளிம்பையொட்டிப் பின்பக்கம் வரை நடந்தார். அவர் பின்னால் நடக்க, படகு முன்னால் போனது. பின்முனையை எட்டியதும் கழியை லேசாகத் திருகி உருவினார். நேராக இழுத்தால் சேறு விடாது; படகு போய்விடும், கழியும் ஆளும் தங்கிவிடுவார்கள். அந்தத் திருகலைக் கற்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். "எங்கப்பா என்னைத் தண்ணியில விழவிட்டுத்தான் கத்துக்கொடுத்தாரு" என்றார்.

கழி தள்ளுவதற்கு மட்டுமல்ல. ஊன்றும்போது கையில் ஏறும் அதிர்வை வைத்தே அடியில் மணலா, சேறா, கிளிஞ்சல் படுகையா என்று சொல்லிவிடுகிறார். கண்ணுக்கு ஒரே சீராகத் தெரியும் நீர்ப்பரப்பில் எது வழி, எது திட்டு என்பது அவர் உள்ளங்கைக்குத் தெரியும். இந்த அறிவு எந்த வரைபடத்திலும் இல்லை. இதற்கு ஒரு சான்றிதழோ, கூடுதலாக ஒரு ரூபாயோ கிடைப்பதும் இல்லை.

கரையில் ஒரு மரப்படகைக் கவிழ்த்துப் போட்டு ஆசாரி ஒருவர் கலப்பத்து பார்த்துக்கொண்டிருந்தார். பலகைகளுக்கு இடையே எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியால் சீராகத் தட்டி இறக்குகிறார். திரி தளர்ந்திருந்தால் தண்ணீர் புகும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பலகை ஊறி உப்பும்போது பிளந்துவிடும். தட்டும் சத்தம் மாறுவதைக் கேட்டுத்தான் நிறுத்துகிறார். படகின் உள்ளே விலா எலும்புபோல் வளைந்து நிற்கும் வங்குகளுக்கு, வளைவாகவே வளர்ந்த கிளைகளைத் தேடி எடுக்க வேண்டும். இப்போது ஃபைபர் படகுகளுக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. அவர் மகன் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறார். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு காலத்தில் இந்தத் தொழிலுக்கு இங்கே பெரிய சாலையே இருந்தது, நீரால் ஆன சாலை. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் படிப்படியாக வடக்கே நீண்டு, பழவேற்காடு ஏரியோடு கலந்து பெத்தகஞ்சாம் வரை போனது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்கள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டரை வெட்டினார்கள். அன்றைய ஆளுநர் பெயரில் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. தெற்கே மரக்காணம் வரை மொத்தம் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். அதில் 257 ஆந்திராவில். சென்னையின் அடுப்புகளுக்கு விறகும், கட்டடங்களுக்குச் சுண்ணாம்புக் கிளிஞ்சலும், உப்பும் நெல்லும் இதில்தான் வந்தன. பாய் விரித்தும் கழி ஊன்றியும், காற்று இல்லாதபோது கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தும் படகுகளைக் கொண்டுபோனார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு இதே கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகேறிப் போனதை 'மாவலிபுரச் செலவு' என்று பாடியிருக்கிறார். நிலவையும் நீரையும் ரசித்தவரின் கண் படகை இழுத்தவர்கள் மீதும் பதிந்தது. அதனால்தான் எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும்.

பிறகு லாரியும் ரயிலும் சரக்கை எடுத்துக்கொண்டன. 1960-களிலும் 1976-இலும் அடித்த புயல்கள் கரைகளை உடைத்தன. சென்னைக்குள் கால்வாய் சாக்கடையானது; பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே இறங்கின. ஏரிக்கும் நல்ல காலம் இல்லை. ஆரணியாறும் காளாங்கியும் கொண்டுவரும் வண்டலில் ஏரி மேடாகிறது. கடல் முகத்துவாரங்கள் மணல் அடைத்துக்கொள்கின்றன. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியை இரண்டாக வெட்டி நிற்கிறது. கோடையில் வடபகுதி வறண்டு வெடிக்கிறது. "தண்ணியே இல்லாத எடத்துல கழி எதுக்கு சார்?" என்றார் பெரியவர்.

இங்கிலாந்திலும் கால்வாய்களுக்கு இதே நிலை வந்தது. அங்கே ஏழடி அகலமே உள்ள ஒடுங்கிய படகுகளில் நிலக்கரி ஏற்றிக் குதிரைகளை வைத்து இழுத்தார்கள். சரக்கு போனதும் கால்வாய்களைத் தூர்க்கலாம் என்ற பேச்சு எழுந்தது. 1944-இல் எழுத்தாளர் எல். டி. சி. ரோல்ட் தன் படகுப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். 1946-இல் நீர்வழிகளைக் காக்க ஒரு சங்கமே உருவானது. இன்று நண்பர்களும் குடும்பங்களும் அந்தப் படகுகளை வாடகைக்கு எடுத்து வாரக்கணக்கில் பயணம் போகிறார்கள். மக்கள் பயணம் செய்ததால்தான் அந்தக் கால்வாய்கள் பிழைத்தன.

நம் பக்கிங்காம் கால்வாயின் வடபகுதி 2008 முதல் தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதி. பெரிய சரக்குக் கப்பல்களைக் கனவு காண்பதற்கு முன், தடாவிலிருந்து பழவேற்காடு வரையாவது தூர்வாரி நாட்டுப்படகுகளை விடலாம். பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. எனவே ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு, எல்லோருக்கும் மிதவைச் சட்டை, காற்றைப் பார்த்துப் புறப்பாட்டை முடிவு செய்யும் உரிமை படகோட்டிக்கு என்று விதி செய்து உரிமம் கொடுக்க வேண்டும். கழி ஊன்றத் தெரிந்தவரை வழிகாட்டியாகப் பதிவு செய்து, நாள் சம்பளம் தர வேண்டும். கலப்பத்து பார்க்கும் ஆசாரியிடம் இரண்டு இளைஞர்களையாவது உதவித்தொகையோடு சேர்த்துவிட வேண்டும். இரு மாநில அரசுகளும் இதற்காக ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் இன்னும் கரையில் இருக்கிறார்கள்.