அமைச்சரின் காலைச் சிற்றுண்டி

பெர்லின்

அன்புள்ள நண்பருக்கு,

இந்நகரத்துக்கு வருகிற பிரயாணிகள் எல்லோரும் முதலில் மதிலின் மிச்சங்களைத்தான் தேடிப் போகிறார்கள். 1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி முள்கம்பியாக ஆரம்பித்து, பிறகு கான்கிரீட்டாக வளர்ந்து, 1989 நவம்பர் 9ஆம் தேதி இரவு திறந்துவிடப்பட்ட அந்த மதிலைப் பற்றி எழுதாதவர் யாரும் இல்லையாகையால், நான் அதை விட்டுவிட்டு, கிழக்கே லிக்டன்பெர்க் பேட்டையில் உள்ள ஒரு சர்க்கார் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாஸியின் தலைமைக் காரியாலயமாக இருந்தது அது; இப்போது மியூசியம். 1957 முதல் 1989 வரை அந்த இலாகாவின் அமைச்சராக வீற்றிருந்த எரிக் மீல்கே என்பவருடைய அறைகள், மரப்பலகை பொருத்திய சுவர்களும் மேஜைமேல் தொலைபேசிகளுமாக, அன்றிருந்த கோலத்திலேயே காப்பாற்றப்பட்டு வருகின்றன. ஆயினும் என் கண்ணைப் பிடித்து நிறுத்தியது ஒரு சிறு அட்டைதான். அமைச்சருக்குக் காலைச் சிற்றுண்டியை எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்று அவருடைய காரியதரிசி படம் போட்டு எழுதிய குறிப்பு அது: எந்தச் சாமான் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் அதில் கண்டிருக்கிறது. முட்டை இரண்டு, நாலரை நிமிஷம் வெந்திருக்க வேண்டும். நாலும் கூடாது, ஐந்தும் கூடாது.

ஒரு மனிதருக்கு இன்ன பதத்தில்தான் முட்டை பிடிக்கும் என்பதில் குற்றம் காண்பதற்கில்லை. டிகாக்‌ஷன் விஷயத்தில் நானும் அவருக்கு இளைத்தவனல்லன் என்பது தங்களுக்குத் தெரியும். ஆனால், பிறருடைய பிரத்தியேக ருசிகளைச் சந்தேகத்துக்குரிய வஸ்துக்களாகப் பாவித்து, அவற்றை மோப்பம் பிடிப்பதற்கென்றே 1989இல் சுமார் 91,000 முழுநேர உத்தியோகஸ்தர்களையும், ஏறக்குறைய 1,80,000 ரகசிய உளவாளிகளையும், ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேற்பட்ட ஜனத்தொகையுள்ள ஒரு சிறு தேசத்தில் வைத்திருந்தவர் அவர் என்பதை நினைக்கும்போதுதான் அந்த நாலரை நிமிஷம் தொண்டையில் சிக்குகிறது.

எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் குடியிருந்தார்கள், டிராபான்ட் என்ற ஒரே சிறிய காருக்குப் பதிந்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள் என்பதையெல்லாம் பலர் பரிகாசமாகச் சொல்லுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தட்டுப்பாடு வேறு, தடை வேறு. ரேஷன் அரிசிக்கு நின்ற நமக்கு அந்த வித்தியாசம் தெரியும். கிடைக்காத ஒன்றுக்கு ஆசைப்படுவது கஷ்டம்தான், ஆனால் அவமானமல்ல. ஆசைப்பட்டதற்காகவே ஒருவனைக் கூப்பிட்டு விசாரிப்பதுதான் அவமானம்.

நடன அரங்கில் வாசிக்கும் சங்கீதத்தில் நூற்றுக்கு 60 பங்கு சோஷலிச நாடுகளுடையதாக இருக்க வேண்டும் என்று 1958இல் விதி செய்தார்கள். ஜீன்ஸ் அணிந்து வந்த பையன்களைப் பள்ளிக்கூடங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பின. 1965இல் லைப்சிக் நகரில் கிட்டார் கோஷ்டிகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, அக்டோபர் 31ஆம் தேதி அதை எதிர்த்துத் திரண்ட இளைஞர்கள்மேல் போலீஸார் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள்; பிடிபட்டவர்களில் பலரைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட பிள்ளைகள் ராஜத் துரோகிகளாக வீடு திரும்பினார்கள். பிற்பாடு, 1978இல், அதே சர்க்கார் அமெரிக்க ஜீன்ஸை லட்சக்கணக்கில் வரவழைத்து விற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குள் சுரங்கத்தில் கழிந்த நாட்களுக்கு நஷ்ட ஈடு ஏது?

இதைவிட நுட்பமான கொடுமை ஒன்று உண்டு. 1976க்குப் பிறகு ஸ்டாஸிக்காரர்கள், வேண்டாதவர்களைச் சிறையில் தள்ளுவதைக் காட்டிலும் மனம் குலையச் செய்வதே சிலாக்கியம் என்று கண்டு, அவர்கள் இல்லாத வேளையில் வீட்டுக்குள் புகுந்து, சுவரிலிருந்த படத்தை அகற்றுவதும், அலமாரியிலிருந்த தேயிலையை எடுத்துவிட்டு வேறொரு வகைத் தேயிலையை வைத்துவிட்டுப் போவதுமாக இருந்தார்கள். தன் தேநீரின் ருசியே தனக்குச் சந்தேகமாகிவிட்டால் மனிதனுக்கு வேறு எது நிச்சயம்? ஒருவனுடைய ‘நான்’ எங்கே குடியிருக்கிறது என்பது அவனுடைய விரோதிகளுக்கு எவ்வளவு திருத்தமாகத் தெரிந்திருந்தது, பாருங்கள்!

கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வைத்த மஞ்சள் துணிகளையும் பார்த்தேன். விசாரணைக்கு வந்தவரை அந்தத் துணியின்மேல் உட்காரவைத்து, அவருடைய உடல் வாசனையை நாய்களுக்காகச் சேமித்திருக்கிறார்கள். மனிதர்களுக்குப் பெயருக்குப் பதில் எண்களையே கொடுத்துக் கண்ணாடி வீடுகளில் குடியேற்றிய ருஷ்ய நாவலாசிரியர் ஸம்யாட்டினுக்குக்கூட இந்த ஜாடி தோன்றவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி என்று மேடையில் முழங்கிய ஆட்சி, ஒருவர் வாசனைபோல் மற்றவர் வாசனை இராது என்பதை மட்டும் பூரணமாக நம்பியிருக்கிறது. தனித்தன்மைக்கு அவர்களைப்போல் சாட்சியம் திரட்டியவர்கள் உலகத்தில் இல்லை. யார் எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தார், எந்த இசைத்தட்டைக் கேட்டார் என்று அவர்கள் எழுதிக் குவித்த காகிதங்களை வரிசையாக நிறுத்தினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளுமாம்.

1990 ஜனவரி 15ஆம் தேதி ஜனங்கள் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். 1992 ஜனவரி முதல், தன்னைப் பற்றிய கோப்பைப் பார்க்க விரும்புகிறவர் மனுக் கொடுத்துப் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கும் மனுக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நண்பன்