நாலு, மூணு

நான் எழுதப்போவது ஒரு ஜாடியைப் பற்றி. சிரிக்க வேண்டாம்.

பீங்கான் தொழில்நுட்பம் படிக்கிற எனக்கு நூலகத்தில் ஒரு படம் கிடைத்தது. கி.மு. 540-530 வாக்கில் ஏதென்ஸில் சுட்ட ஜாடி. இருப்பது வத்திக்கான் அருங்காட்சியகத்தில். டிராய் போர் வீரர்கள் அக்கிலீசும் அஜாக்சும் ஈட்டியைக் கையை விட்டு விடாமலே குனிந்து, நம்ம தாயம் மாதிரி ஏதோ ஆடுகிறார்கள். அக்கிலீஸ் வாயருகே ‘நாலு’, அஜாக்ஸ் வாயருகே ‘மூணு’ என்று கிரேக்க எழுத்து. இரண்டு பேருமே வீடு திரும்பப் போவதில்லை. அது தெரியாமல் என்ன கவனம் பாருங்கள்!

அந்தக் கறுப்பு, பெயிண்ட் இல்லை. நைசாகக் கரைத்த களிமண்தான். சூளையில் காற்றை அடைத்தால் ஜாடி முழுக்கக் கறுக்கும்; மறுபடி திறந்துவிட்டால் பூசாத இடம் மட்டும் சிவக்கும்.

‘எக்சீகியாஸ் என்னைத் தீட்டினான், செய்தான்’ என்று ஜாடியிலேயே எழுதியிருக்கிறது.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஹாஸ்டலில் கேட்டவர்களிடம் “அப்பா விவசாயம்” என்றே சொல்லியிருக்கிறேன். பொய். எங்கப்பா குயவர்.

பொங்கல் லீவில் அவரிடம் படத்தைக் காட்டி வாசித்துச் சொன்னேன்.

“பேரையே எழுதிட்டானா!” என்றார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “காத்தை எப்போ தொறந்துவிட்டான்னு போட்டிருக்காடா?”