ஆளரவம் அற்ற நாளில் மடுத் திருப்பதி

ஆவணித் திருவிழாக் காலத்து மடுவைக் கண்டவர் பலர். காடெங்கும் கூடாரமும் அடுப்புப் புகையும் செபமாலை ஒலியுமாக ஓர் ஊரே அங்கு எழுந்து நிற்கும். ஆகஸ்ட் 15ஆந் திகதி கழிந்ததும் அவ்வூர் கலைந்துவிடும். அதன் பின்னர் எஞ்சும் அமைதியான மடுவைக் கண்டவர் சிலரே. அச்சிலருள் எங்கள் இருவரையும் சேர்த்தது நோய்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். தெல்லிப்பழை வைத்தியசாலையில் 21 நாட்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகின்றார்கள். அம்மருந்து நோய்க் கலங்களை அழிப்பதோடு குருதியிலுள்ள வெண்குழியங்களையும் குறைத்துவிடும். ஏற்றிய இரண்டாம் வாரத்தில் சனக்கூட்டம் ஆகாது. திருவிழாவோ அவ்வாரத்திலேயே வந்தது. "இம்முறை வேண்டாம்" என்றார் வைத்தியர். மூன்றாம் வாரத்தில், குருதிப் பரிசோதனையின் பின்னர், கூட்டமற்ற ஒரு நாளிலே போய்வர இசைவு தந்தார்.

கொதித்தாறிய நீரும் வீட்டுச் சோறும் கட்டிக்கொண்டு விடியுமுன் புறப்பட்டோம். கண்டி வீதியால் வவுனியாவை அடைந்து, மன்னார் வீதியிற் சென்று, மடுச் சந்தியிலே திரும்பியதும் பாலையும் வீரையும் இருபுறமும் நெருங்கி வந்தன. குரங்குகள் வீதியோரத்தில் அமர்ந்து எங்களைப் பார்த்திருந்தன.

கோயிலுள் நுழையுமுன் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். தலைமுடி உதிர்ந்த நாள் முதல் அம்முக்காடு எங்கள் வீட்டில் நோயின் அடையாளமாயிருந்தது. இங்கோ செபமாலையுடன் அமர்ந்திருந்த முதிய பெண்கள் யாவரும் முக்காடிட்டிருந்தனர். எவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மடுமாதாவின் திருச்சொரூபம் அலைச்சல் அறியாததன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து குடும்பங்கள் சில அதனைச் சுமந்துகொண்டு இக்காட்டிற் புகலடைந்தன. 1924இல் முடிசூட்டப்பெற்ற அதே சொரூபம் 2008 ஏப்பிரலில், போரின் நெருக்கத்தால், தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மீண்டது. துன்பம் வராமற் காத்தவள் என்பதிலும், துன்பப்பட்டவரோடு கூடவே வழிநடந்தவள் என்பதே அவள் வரலாறு.

நானோ ஒரு பேரத்துடன் போயிருந்தேன். "இவளைச் சுகமாக்கினால் ஆண்டுதோறும் கால்நடையாக வருவேன்" என்று நேர்ந்துகொண்டேன். வெளியே மரநிழலிற் சோற்றுப் பொதியை அவிழ்த்தபோது அவள் கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, மாதாவிட்டை என்ன கேட்டனீங்கள்?"

சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தாள்.

"நான் மிச்சம் ரெண்டு மருந்தையும் தாங்கிறதுக்குப் பலம் கேட்டனான். உங்களுக்கு நித்திரை வரவேணும் எண்டும் கேட்டனான்."

இரவுகளில் அவள் மூச்சைக் கேட்டபடி நான் விழித்திருப்பது அவளுக்குத் தெரியாதென்றே எண்ணியிருந்தேன்.

கால்நடை என்றதும் தெல்லிப்பழையின் நினைவு வந்தது. அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டவே 2011இல் தெய்வேந்திரமுனை தொடக்கம் பருத்தித்துறை வரை பலர் நடந்தனர். மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட அவர்கள் எங்களை அறியார். ஆயினும் என் நேர்த்தியை எனக்கு முன்னரே பிறர் நடந்து முடித்திருந்தனர் என்று அந்நிழலிலே உணர்ந்தேன். செபத்துக்கு மறுமொழி எவ்வழியால் வரும் என்று நாம் வரையறுத்தல் தகாது.

அடுத்த வாரம் ஐந்தாவது மருந்து. முடிவு எவ்வாறாகும் என்று வைத்தியரும் உறுதிகூறவில்லை. மடு எங்களுக்கு அவ்வுறுதியைத் தரவில்லை. அன்றிரவு வீடு சேர்ந்து, இருவரும் ஒன்றாகச் செபமாலை சொல்லத் தொடங்கினோம். மூன்றாம் பத்து முடியுமுன் நான் உறங்கிவிட்டேனாம். எஞ்சியதை அவளே சொல்லி முடித்து, விளக்கை அணைத்தாள்.