பழைய மோட்டாரும் இருவகை இஞ்சினும்

பழைய கார் வாங்கப் புகுவார் முதற்கண் வினவுவது, டீசல் இஞ்சின் நம்பத்தக்கதோ பெட்ரோல் இஞ்சின் நம்பத்தக்கதோ என்பதேயாம். டீசலே நெடுநாள் உழைக்கும் என்பது நம் நாட்டில் வேரூன்றிய எண்ணம்.

அவ்வெண்ணம் காரணமின்றி எழுந்ததன்று. ஜெர்மானியராகிய ருடால்ப் டீசல் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய இஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை மிக இறுக்கின் அது சூடேறும். அச்சூட்டில் எண்ணெயைச் செலுத்தினால் தானே பற்றும். பெட்ரோல் இஞ்சின் தன்னுட் புகுந்ததை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குமாயின், டீசல் இஞ்சின் காற்றைப் பதினைந்தில் ஒரு பங்காகவும் அதனினும் குறைவாகவும் சுருக்கும். அத்துணை அழுத்தத்தைத் தாங்கவேண்டி அதன் உடலைக் கனமாக வார்த்தனர். கனத்த உடலும் மெதுவான சுழற்சியும் சேர்ந்து லாரிகளிலும் பம்புசெட்டுகளிலும் டீசலுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தன.

லாரி ஈட்டிய புகழைக் காரின் கணக்கில் வரவு வைத்தல் பொருந்துமோ? இக்காலக் கார்களின் டீசல் இஞ்சின் அப்பழைய முரடன் அன்று. 2007 முதல் மாருதி ஸ்விப்டிலும், பின்னர் டாட்டா வண்டிகள் சிலவற்றிலும் அமைந்த பியட்டின் 1248 சி.சி. இஞ்சினையே எடுத்துக்கொள்வோம். பேணுவார் கையில் அது நெடுந்தொலைவு ஓடும். எனினும் ஆயிரம் வளிமண்டலத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தில் எண்ணெயைத் தெளிக்கும் அதன் இன்ஜெக்டர்கள் மிக நுண்ணியன. எண்ணெயிற் கலந்த நீரும் தூசியும் அவற்றிற்கு நஞ்சு. பெட்ரோல் வண்டியின் பிளக்குகளைச் சில நூறு ரூபாய்களில் மாற்றலாம். இங்கோ ஓர் இன்ஜெக்டருக்கே பல ஆயிரம் செல்லும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் கார்களிற் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறினாலன்றி அக்கரி நன்கு எரியாது. கடைத்தெருவளவே ஓடும் வண்டியில் அஃது அடைத்துக்கொள்ளும்.

சென்ற ஆண்டு பள்ளி ஆசிரியனாகிய எம் இளவல், தான் சேர்த்த மூன்று லட்சத்தில் ஒரு வண்டி வாங்க விழைந்தான். திங்கள்தோறும் எம் அன்னையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதற்கும், ஏழு கிலோமீட்டரிலுள்ள பள்ளிக்குச் செல்லுதற்குமே அது வேண்டியிருந்தது. 2013-இற் செய்த இரு வண்டிகளைக் கண்டோம். டீசல் 1,40,000 கிலோமீட்டர் ஓடியது, பெட்ரோல் 52,000. அவன் மனம் டீசலிலேயே நின்றது.

இவ்வேற்றுமைக்கும் ஒரு வரலாறு உண்டு. அரசினர் பெட்ரோலின் விலைக்கட்டுப்பாட்டை 2010 ஜூனிலேயே நீக்கினர்; டீசலை 2014 அக்டோபரிலேதான் முற்றும் விடுவித்தனர். இடைப்பட்ட காலத்தில் டீசல் மிக மலிவாக விற்றமையின், நாள்தோறும் தொலைவு ஓடுவார் பலர் டீசல் காரை நாடினர். அவர்தம் ஓட்டமெல்லாம் இன்று வாங்குவார் தலையில் வந்து விடிகின்றது. இஞ்சின் இரண்டையும் ஒப்பிடுவதாக எண்ணி, உண்மையில் இருவேறு உழைப்பையே நாம் ஒப்பிடுகின்றோம்.

மறுநாள் விடியலில், இஞ்சின்கள் குளிர்ந்திருக்கும்போதே மெக்கானிக்குடன் சென்றோம். (சூடேற்றி வைத்துக் காட்டுவாரிடம் யாம் நின்று பேசுவதில்லை.) டீசல் வண்டி தயங்கித் தயங்கியே கிளம்பிற்று, எண்ணெய் மூடியைத் திறந்தால் ஆவி குபுகுபுவென்று வந்தது. சர்வீஸ் செய்த பில் ஒன்றேனும் இல்லை. பெட்ரோல் வண்டியோ நெடுநாள் நின்றமையால் பாட்டரியும் டயர்களும் கெட்டிருந்தது. இஞ்சினில் குறை காணவில்லை. பாட்டரிக்கும் டயர்களுக்கும் ஆகும் செலவை விலையிற் கழித்து அதனையே வாங்கினான் இளவல்.

அந்த டீசல் வண்டியை மதுரைக்கு வாரம் இருமுறை சென்று வரும் வணிகர் ஒருவர், இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்து, அவற்றின் விலையைக் குறைத்துக்கொண்டு வாங்கினாராம்.