பிரேக்கில் காற்று

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை என் தங்கை மகன் சென்னையிலிருந்து பனமலைக்கு வந்தான். என்னைப் பார்க்க இல்லை, காரைப் பார்க்க. அங்கே அடுக்குமாடியில் இடமில்லாததால் அவனுடைய பழைய மாருதி ஜென் ஒரு வருடமாக நம் வீட்டு மாட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. (மாடு போய்ப் பத்து வருடம் ஆகிறது.) ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் வந்த பந்தயத் தடம் இருக்கிறதல்லவா, ஞாயிறன்று அங்கே ஓட்டப் போகிறானாம். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு திருப்பம். எனக்கு இதெல்லாம் பிடிக்காது. தங்கைக்கு ஒரே பிள்ளை. ஆனால் முப்பது வயதுப் பிள்ளையை முட்டி போட வைக்க முடியுமா?

"பெரியம்மா, பிரேக்குல ஏர் எடுக்கணும். நீங்க உள்ள உக்காந்து பெடலை மட்டும் அழுத்துங்க" என்றான். டிவிஎஸ் 50க்கு மேல் எதையும் ஓட்டாதவள் நான். மூட்டு வலி வேறு. இருந்தும் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் இது நான் வருடா வருடம் நடத்திய பாடம் என்று தெரிந்தது.

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஊசி போடும் சிரிஞ்சு இரண்டு, நடுவில் ஒரு ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் எழும்பும். பாஸ்கல் விதி. குழாயில் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு அழுத்தச் சொல்வேன். இந்தப் பக்கம் உள்ளே போகும், அந்தப் பக்கம் சரியாக எழும்பாது. காற்று சுருங்கிக்கொள்ளும், தண்ணீர் சுருங்காது. பிரேக்கும் அவ்வளவுதான். தண்ணீருக்குப் பதில் பிரேக் ஆயில்.

அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அவன் வாங்கி வந்தது டாட் 4 வகை. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரிக்கே கொதிக்கலாம். நம் சாலையில் அந்தச் சூடு வருவது அபூர்வம். தடத்தில் அப்படியில்லை. நானே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவனையும் சேர்த்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோ வண்டி 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறங்கினால், அந்த ஒரு முறையிலேயே ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் பிரேக்கில் இறங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சமாவது இப்படி. ஆயில் கொதித்தால் ஆவி. ஆவியும் காற்று மாதிரிதான், சுருங்கிவிடும். பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

இடது பின்சக்கரத்தில் ஆரம்பித்தோம். மேலே டப்பாவில் புது ஆயிலை ஊற்றிவிட்டு, சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகில் குழாயை மாட்டி, அதன் முனையைப் பாட்டிலில் இருந்த பழைய ஆயிலுக்குள் முக்கி வைத்தான். "அழுத்துங்க... பிடிச்சுக்குங்க" என்பான். திருகைத் தளர்த்துவான். பெடல் என் காலடியில் மெல்ல இறங்கும். திருகை இறுக்கிவிட்டு "விடுங்க" என்பான். அவன் சொல்வதற்கு முன்னால் விடவே கூடாது, விட்டால் வெளியே போனது உள்ளே திரும்பும். வந்த ஆயில் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது, புதியது இளம் தேன் நிறம். நடுநடுவே டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்தான். ஒரு சொட்டு முன்பக்கப் பெயின்டில் விழுந்ததற்கு, பெயின்ட் போய்விடும் என்று ஒரு சொம்பு தண்ணீரோடு ஓடினான். மிச்ச ஆயிலை எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வைக்கலாமே என்றேன். திறந்த பாட்டிலை அடுத்த முறைக்கு வைக்கக்கூடாதாம். வாத்தியார் வீட்டில் இப்படியும் வீண் செலவு.

கடைசிச் சக்கரம், வலது முன்பக்கம். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது தங்கை சமையலறையிலிருந்து "காபி ஆறுது" என்று கத்தினாள். திரும்பினேன். கால் நழுவி பெடல் சட்டென்று மேலே வந்துவிட்டது. அவன் இன்னும் "விடுங்க" சொல்லவில்லை. குனிந்திருந்ததால் கவனிக்கவும் இல்லை. எல்லாம் முடிந்து "பெடல் கெட்டியா இருக்கா பெரியம்மா?" என்று கேட்டான். கொஞ்சம் ஆழமாகப் போவது போலிருந்தது. "இருக்குடா" என்றேன். அவனும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சரி என்றான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வயதானவளுக்குக் காலில் பலமில்லை என்று நினைப்பானோ என்ற கூச்சம், அவ்வளவுதான். வீட்டுக் கணக்கைப் பார்த்து எழுதிவிட்டு "நானே போட்டேன் டீச்சர்" என்ற எத்தனை பேரை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்! உங்களில் சிலர் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினொன்றரைக்குத் திண்ணையில் படுத்திருந்தவனை எழுப்பிச் சொன்னேன். கோபப்படவில்லை. "குழாய் ஆயில்ல முங்கித்தான் இருந்துச்சு, பழைய ஆயிலைத்தான் இழுத்திருக்கும். மரை வழியா காத்து போயிருந்தாலும் போயிருக்கும். காலையில பாத்துக்கலாம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து, "நல்லவேளை சொன்னீங்க" என்றான்.

சனிக்கிழமை விடிந்ததும், மலைக்கோயில் மேல் வெயில் படும்போதே, மறுபடி உட்கார்ந்தேன். தங்கையைக் கொட்டகைப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டோம். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை குழாயில் மிளகு அளவு ஒரு குமிழி, அதன் பின்னாலேயே கடுகு அளவு இன்னொன்று. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன், காலை எடுக்காமல்தான். அப்புறம் பத்துத் தடவை அழுத்தினோம், தெளிவான ஆயில் மட்டும்தான் வந்தது. பெடல் கல் மாதிரி நின்றது. வாசலில் மெதுவாக நான்கைந்து முறை ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான்.

ஞாயிறு முழுவதும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் நான்கரைக்குக் கூப்பிட்டான். "பெரியம்மா, கடைசிச் சுத்து வரைக்கும் பெடல் அப்படியே இருந்துச்சு. அடுத்த மாசமும் வரேன், கால் வலிக்கு மருந்து போட்டு வைங்க."